அரிசியில் போனது மாத்திரையில் வருமா?

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 30 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 667 கிராம். நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 167 கிராம். விருதுநகர் மாவட்டத்தில் உள்ள எங்கள் சுந்தரபாண்டியத்துக்கும் இதே கணக்குதான். வத்திராயிருப்பு வட்டாரம் நெல் விளையும் பூமி என்பதால், சொந்த வயல் நெல்லும் சேரும் வீடுகளில் இந்த அளவு கூடும். குறைய வாய்ப்பு குறைவு. “சுகருக்கு எந்த வைட்டமின் சாப்பிடலாம்?” என்று மருந்துக் கடையில் கேட்கப்படும் கேள்விக்கு விடை தேட, இந்த 167 கிராமிலிருந்து தொடங்குவதே சரி. உடலுக்குப் போய்ச் சேரும் நுண்சத்தின் பெரும்பங்கை முடிவு செய்வது நாளும் உண்ணும் தானியம். மாத்திரை அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகிறது.

நோயின் அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, முதற்கட்ட முடிவுகளை 2011இல் வெளியிட்டது. அதன்படி தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 10.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, நகரத்தில் 13.7, கிராமத்தில் 7.8 சதவீதம். நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்த அதே ஆய்வின் முழு அறிக்கை 2023இல் வந்தபோது தமிழ்நாட்டுக்குச் சொன்ன அளவு 14.4 சதவீதம், இந்தியச் சராசரி 11.4 சதவீதம். விருதுநகர் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 19,42,288. இதில் மூன்றில் இரண்டு பங்கினர் 20 வயதைக் கடந்தவர்கள் என வைத்துக்கொண்டால் சுமார் 12.95 லட்சம் பேர். பழைய கிராமப்புற விகிதமான 7.8இல் பெருக்கினால் 1.01 லட்சம் நோயாளிகள், 14.4இல் பெருக்கினால் 1.86 லட்சம். உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கலாம்.

எண்ணிக்கையைவிடக் கவலை தருவது கட்டுப்பாட்டு விகிதம். தமிழ்நாட்டில் 2020இல் தொற்றா நோய்களை அளந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் அந்த விகிதம் 16.7 சதவீதமாக உயர்ந்தது. உயர்வு 5.9 சதவீதப் புள்ளி. ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கட்டுப்பாடு இல்லை. அந்த ஐந்து பேர் வேறு வழி தேடுவது இயல்பு. வைட்டமின் மாத்திரை அப்படித் தேடும்போது கையில் கிடைக்கும் வழிகளில் ஒன்று.

450 கிராம் சோறு

167 கிராம் அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை பிடிக்கும். அதாவது 417 முதல் 500 கிராம் சோறு. 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக 9.5 ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு, வெள்ளை அரிசிச் சோற்றில் மேல் எல்லையாக வைத்த அளவு நாளுக்கு 450 கிராம். அந்த அளவும் அதற்கு மேலும் உண்டவர்களை, 150 கிராமுக்குக் கீழே உண்டவர்களோடு ஒப்பிட்டால், நீரிழிவு வரும் வாய்ப்பு மொத்தத்தில் 1.20 மடங்கு, தெற்காசியாவில் மட்டும் 1.61 மடங்கு. தெற்காசியர் உண்ட சோற்றின் இடைநிலை அளவு 630 கிராம். இது கவனித்துப் பதிந்த ஆய்வு. அரிசியே காரணம் என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ரேஷன் பங்கே அந்த 450 கிராம் எல்லையைத் தொட்டுவிடுகிறது என்பது மட்டும் கணக்கில் நிற்கிறது.

சென்னையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. எடை கூடிய 15 பேருக்கு ஐந்து நாள் வெள்ளை அரிசியும், வேறு ஐந்து நாள் தீட்டாத அரிசியும் கொடுத்து, 24 மணி நேரமும் சர்க்கரையை அளந்த ஆய்வு 2014இல் வெளியானது. தீட்டாத அரிசி உண்ட நாட்களில் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் மொத்த அளவு 19.8 சதவீதம் குறைந்தது. அதோடு பருப்பு வகையும் சேர்த்தபோது 22.9 சதவீதம் குறைந்தது. 15 பேர் என்பது சிறிய எண். ஆனால் உண்டவர்களும் நம்மவர்கள், உணவும் நம்முடையது.

தீட்டலில் போனவை

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுப் பொருட்களை அளந்து 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டாத அரிசியில் மக்னீசியம் 93.91 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 19.30. இழப்பு 79 சதவீதம். தயமின் எனும் பி1, 0.27 மில்லிகிராமிலிருந்து 0.05 ஆகிறது: 81 சதவீதம் இழப்பு. நார்ச்சத்து 4.43 கிராமிலிருந்து 2.81: 37 சதவீதம். இரும்பு 1.02 மில்லிகிராமிலிருந்து 0.65: 36 சதவீதம். துத்தநாகம் 1.68இலிருந்து 1.21: 28 சதவீதம். மாவுச்சத்து ஒன்றுதான் 74.8 கிராமிலிருந்து 78.24 ஆகக் கூடுகிறது. தவிட்டோடு போனவை மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் போய்ச் சேர்கின்றன.

புழுங்கல் அரிசிக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. நெல்லை அவிக்கும்போது தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பின்னும் 0.17 மில்லிகிராம் நிற்கிறது. தீட்டாத அரிசியில் உள்ளதில் இது 63 சதவீதம். பச்சரிசியில் நிற்பது 19 சதவீதம். பாட்டி காலத்துப் புழுங்கல் பழக்கம், பெயர் தெரியாமலே ஒரு வைட்டமினைக் காத்திருக்கிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதிலும் ஒரு பங்கு போய்விடும்.

திரும்பச் சேர்ப்பவை

தீட்டலில் போனதில் சிலவற்றைத் திரும்பக் கலக்க அரசு திட்டம் வகுத்தது. செறிவூட்டிய அரிசித் திட்டத்தின் இரண்டாம் கட்டம், 2023 மார்ச்சுக்குள் எல்லா முன்னேற விழையும் மாவட்டங்களின் பொது விநியோகத்தையும் உள்ளடக்க வேண்டும் என இலக்கு வைத்தது. நாட்டிலுள்ள 112 முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டின் பங்கு இரண்டு: விருதுநகர், இராமநாதபுரம். நூறு சாதா மணிக்கு ஒரு செறிவூட்டிய மணி என்பது கலப்பு விகிதம். ஒரு கிலோ அரிசியில் இருக்க வேண்டியவை: இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், வைட்டமின் பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்.

167 கிராமுக்கு இதைச் சுருக்கினால் பி12 நாளொன்றுக்கு 0.13 முதல் 0.21 மைக்ரோகிராம் வருகிறது. அமெரிக்க அளவுகோலின்படி வளர்ந்தவருக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். ஆக, செறிவூட்டிய அரிசி தருவது தேவையில் 5 முதல் 9 சதவீதம். இரும்பின் கதை வேறு: 167 கிராமில் 4.7 முதல் 7.1 மில்லிகிராம் வருகிறது. தீட்டிய சாதா அரிசியில் இது 1.1 மில்லிகிராம்தான். கட்டாயமாகச் சேர்க்கும் மூன்று சத்துகளில் மக்னீசியம் இல்லை. ஒவ்வொரு 100 கிராமிலும் போன 74.6 மில்லிகிராம் மக்னீசியம் போனது போனதுதான்.

மக்னீசியம்: 100 மில்லிகிராமின் விலை

மக்னீசியத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு, நுண்சத்துகளிலேயே அதிகம் அளக்கப்பட்டவற்றில் ஒன்று. 13 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வில் 5,36,318 பேர். அவர்களில் 24,516 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவில் நாளுக்கு 100 மில்லிகிராம் மக்னீசியம் கூடுதலாக உண்டவர்களுக்கு நோய் வாய்ப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது. மக்னீசியம் மிகுந்த உணவில் நார்ச்சத்தும் மிகுந்திருக்கும் என்பதால், பெருமை முழுவதும் மக்னீசியத்துக்கே உரியது என்று சொல்வதற்கில்லை. மாத்திரையாக விழுங்கினாலும் இதே பலன் வரும் என்பதற்கும் இது சான்று ஆகாது.

அந்த 100 மில்லிகிராமை எந்தத் தானியத்தில் வாங்கினால் எவ்வளவு செலவு? 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையை அடிப்படையாக வைத்தேன். நெல்லின் விலையை, ஒரு கிலோ நெல்லுக்கு 670 கிராம் அரிசி என்ற அரவை விகிதத்தில் மாற்றினேன். அரவைக் கூலியைச் சேர்க்கவில்லை.

கம்பு: கிலோ ரூ.27.75, வேண்டியது 81 கிராம், செலவு ரூ.2.24, கூடவே வரும் மாவுச்சத்து 50 கிராம்.
சோளம்: கிலோ ரூ.36.99, வேண்டியது 75 கிராம், செலவு ரூ.2.78, மாவுச்சத்து 51 கிராம்.
கேப்பை (கேழ்வரகு): கிலோ ரூ.48.86; வேண்டியது 68.5 கிராம்; செலவு ரூ.3.35, மாவுச்சத்து 46 கிராம்.
தீட்டிய அரிசி: கிலோ ரூ.35.36, வேண்டியது 518 கிராம், செலவு ரூ.18.32, மாவுச்சத்து 405 கிராம்.

கம்புக்கும் அரிசிக்கும் விலை இடைவெளி 8 மடங்கு. மாவுச்சத்து இடைவெளியும் 8 மடங்கு. கடை விலை ஆதரவு விலையைவிடக் கூடுதல். ரேஷன் அரிசி விலையில்லாதது. ஆகவே வீட்டுச் செலவில் இந்த விகிதம் மாறும், சில வீடுகளில் தலைகீழாகவும் ஆகும். மாவுச்சத்துக் கணக்கு மட்டும் யார் வாங்கினாலும் மாறாது.

167 கிராம் அரிசியில் பாதியைக் கம்பாக மாற்றினால் என்ன ஆகும்? முழுக்க அரிசி என்றால் மக்னீசியம் 32 மில்லிகிராம், நார்ச்சத்து 4.7 கிராம், மாவுச்சத்து 131 கிராம். பாதி அரிசி, பாதி கம்பு என்றால் மக்னீசியம் 119 மில்லிகிராம், நார்ச்சத்து 12 கிராம், மாவுச்சத்து 117 கிராம். மக்னீசியம் 87 மில்லிகிராம் கூடுகிறது. முன் சொன்ன 100ஐ ஏறக்குறைய எட்டுகிறது. வளர்ந்த பெண்ணுக்கு அமெரிக்க அளவுகோல் சொல்லும் 320 மில்லிகிராமில், முழு அரிசி 10 சதவீதத்தையும் பாதிக் கம்பு 37 சதவீதத்தையும் தருகின்றன. இங்கே இரண்டு கழித்தல்கள் உண்டு. கம்பில் உள்ள ஃபைட்டேட் தாது உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். குருணையாக உடைத்துக் கம்மஞ்சோறாக்கி உண்பது மேல்.

அரசுக்கும் இந்த வழி தெரியாததல்ல. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகை அரிசிக்குப் பதிலாகத் தரும் திட்டம் தொடங்கியது. 20 கிலோவில் 2 கிலோ என்பது 10 சதவீதம்.

வைட்டமின் டி: 30 பேருக்கு ஒருவர்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வைட்டமின் டி குறைவு என்பது நம்பக் கடினம். எண்கள் நம்ப வைக்கின்றன. நம்மைவிட நான்கு பாகை வடக்கே உள்ள திருப்பதி வட்டாரத்தில் அளந்து 2007இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்கள்: கிராமத்து ஆண்கள் 44 சதவீதம், கிராமத்துப் பெண்கள் 70 சதவீதம், நகரத்து ஆண்கள் 62, நகரத்துப் பெண்கள் 75 சதவீதம். கிராமத்து ஆணுக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் உள்ள தூரம் 26 சதவீதப் புள்ளி.

குறைவு இருக்கிறது; நிறைத்தால் நீரிழிவு தடுக்கப்படுமா? அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் ஒரு பாதிக்கு நாளும் 4,000 சர்வதேச அலகு, அதாவது 100 மைக்ரோகிராம், வைட்டமின் டி3 கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெற்று மாத்திரை. இரண்டரை ஆண்டில் வைட்டமின் பிரிவில் 293 பேருக்கும் மறு பிரிவில் 323 பேருக்கும் நோய் வந்தது. 2019இல் வந்த இந்த முடிவு புள்ளியியல் சோதனையில் தேறவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே 12 நானோகிராமுக்குக் கீழே இருந்த 103 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது வாய்ப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 103 பேரைப் பின்னால் பிரித்தெடுத்துப் பார்த்த எண் உறுதியானதல்ல; ஆனாலும் குறைவு உள்ளவருக்கே பலன் என்ற திசையைக் காட்டுகிறது.

இத்தகைய மூன்று ஆய்வுகளின் 4,190 பேரைத் தொகுத்து 2023இல் வெளியான கணக்கு, மூன்று ஆண்டில் 3.3 சதவீதப் புள்ளி குறைவு என்கிறது. 100ஐ 3.3ஆல் வகுத்தால் 30. அதாவது 30 பேர் மூன்று ஆண்டு தினமும் விழுங்கினால் ஒருவருக்கு நோய் தள்ளிப்போகும். மாத்திரை 5 ரூபாய் என வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மூன்று ஆண்டில் ரூ.5,475, 30 பேருக்கு ரூ.1,64,250.

இதன் அருகில் வைக்க வேண்டியது சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வு. அவர்களும் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள். மூன்று ஆண்டில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55.0 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்ட பிரிவில் 39.3 சதவீதம்; சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரைப் பிரிவில் 40.5 சதவீதம். ஒருவரைக் காக்க நடையில் 6.4 பேர், மாத்திரையில் 6.9 பேர் போதும். அப்போதைய விலைவாசியில் நடை வழியில் ஒருவரைக் காக்க ஆன செலவு ரூ.47,341, இன்றைய ரூபாயோடு இதை நேரே ஒப்பிட முடியாது. ஆள்கணக்கை ஒப்பிடலாம்: வைட்டமின் டிக்கு 30, நடைக்கு 6.4.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஊரில் மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது வாரம் ஒரு முறை 60,000 அலகு. நாளாக்கினால் 8,571 அலகு; அமெரிக்க அளவுகோல் வைத்த நாள் உச்சவரம்பான 4,000இல் 2.1 மடங்கு. குறைவை நிரப்பச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதப்படும் அளவு இது. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடும் அளவல்ல.

பி12: 14 பேருக்கு ஒருவர்

இதுவரை பார்த்தது வைட்டமின் நோயைத் தடுக்குமா என்பது. பி12இல் கேள்வி திரும்புகிறது: நோய்க்கான மருந்தே வைட்டமினைக் குறைக்கிறது. நெதர்லாந்தில் 390 நோயாளிகளுக்கு 4.3 ஆண்டுகள் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,550 மில்லிகிராம் மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் இரத்தத்தில் பி12 அளவு வெற்று மாத்திரைப் பிரிவோடு ஒப்பிட 19 சதவீதம் குறைந்தது. பற்றாக்குறைக்கு ஆளானோர் 7.2 சதவீதப் புள்ளி கூடுதல். வகுத்தால் 13.8, அதாவது 14 பேருக்கு ஒருவர். பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022 ஜூனில், பத்தில் ஒருவர் வரை இது வரலாம் என்று சொல்லி, இதைப் பரவலான பக்கவிளைவாக அறிவித்தது.

உடலின் கையிருப்பு 1 முதல் 5 மில்லிகிராம் வரை. நாள் தேவை 2.4 மைக்ரோகிராம். கையிருப்பு ஆயிரம் மடங்கில் இருப்பதால் குறைவு வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகும். தெரியும்போது பாதம் மரத்துப்போகும், எரியும். நீரிழிவு முற்றினாலும் இதே அறிகுறிதான். “சுகர் நரம்புக்குப் போயிருச்சு” என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். பி12 குறைவு நீண்ட நாள் கவனிக்கப்படாமல் போனால் நரம்புச் சேதம் முழுவதும் மீளாமலும் போகலாம்.

உணவில் பி12 வருவது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்துதான். அரிசி, கம்பு, பருப்பு, கீரை எல்லாவற்றிலும் சேர்த்து இயல்பாக இருப்பது பூஜ்யம். 200 மில்லிலிட்டர் பாலில் சுமார் 1.1 மைக்ரோகிராம், ஒரு முட்டையில் 0.5. இரண்டும் சேர்ந்து 1.6, தேவையில் 67 சதவீதம். முட்டை சேர்க்காத வீட்டில், நாளுக்கு மூன்று காபியில் 50 மில்லிலிட்டர் வீதம் பால் போனால் 0.8 மைக்ரோகிராம், 33 சதவீதம். செறிவூட்டிய அரிசியின் 0.21ஐ மேலே போட்டாலும் 42 சதவீதம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாலிலும் பி12 உண்டு, ஆனால் நோயாளிக்கு அது சர்க்கரையோடு சேர்ந்தே வருகிறது.

ஆய்வில் கொடுத்த 2,550 மில்லிகிராம் பெரிய அளவு. நம் நோயாளிகளில் பலருக்கு நாள் அளவு 1,000 மில்லிகிராம். குறைவு விகிதமும் அதற்கேற்பத் தணியலாம். ஆனால் அந்த 390 பேரைவிட நம்மில் பலரின் உணவில் பி12 குறைவாக இருக்கக்கூடும். ஒன்று மற்றொன்றை எவ்வளவு சரிக்கட்டும் என்பதை ஊகத்தால் சொல்லக் கூடாது. இரத்தச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

குரோமியம், செலினியம், தயமின்

நீரிழிவு மாத்திரை டப்பாக்களில் அடிக்கடி காணும் பெயர் குரோமியம். அதன் புகழுக்கு ஊற்று, சீனாவில் 180 பேரிடம் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு. நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி, வெற்று மாத்திரைப் பிரிவில் 8.5 சதவீதம், 200 மைக்ரோகிராம் பிரிவில் 7.5, 1,000 மைக்ரோகிராம் பிரிவில் 6.6. ஆணுக்குப் போதுமானது என அமெரிக்க அளவுகோல் சொல்வது 35 மைக்ரோகிராம். 1,000 என்பது அதில் 29 மடங்கு. பின்னர் மேலை நாட்டு நோயாளிகளிடம் செய்தபோது இந்தப் பலன் திரும்ப வரவில்லை. 2005இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த உறவை மிகவும் நிச்சயமற்றது என்று எழுதிய பிறகே டப்பாவில் குறிப்பிட அனுமதித்தது.

செலினியத்தில் எண் எதிர்த்திசையில் போகிறது. 1,202 பேருக்கு நாளும் 200 மைக்ரோகிராம் செலினியம் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து 7.7 ஆண்டுகள் பார்த்ததில், செலினியப் பிரிவில் 58 பேருக்கும் மறு பிரிவில் 39 பேருக்கும் நீரிழிவு வந்தது. வாய்ப்பு 1.55 மடங்கு. தேவையான அளவு 55 மைக்ரோகிராம், கொடுத்தது 3.6 மடங்கு. நல்லது என்று நம்பிக் கொடுத்த சத்து நோயைக் கூட்டியிருக்கலாம் என்பதே 2007இல் வெளியான இந்த ஆய்வின் பாடம்.

தயமினுக்கு ஒரு சின்ன வரவு உண்டு. சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிய 40 நோயாளிகளுக்குப் பாகிஸ்தானில் மூன்று மாதம் நடந்த சோதனையில், நாளுக்கு 300 மில்லிகிராம் தயமின் எடுத்தவர்களுக்குக் கசிவு 24 மணி நேரத்துக்கு 17.7 மில்லிகிராம் குறைந்தது. சர்க்கரை அளவில் மாற்றமில்லை. ஆணின் நாள் தேவையான 1.2 மில்லிகிராமில் 300 என்பது 250 மடங்கு. அது மருந்தின் அளவு, உணவின் அளவல்ல. துத்தநாகம் இன்சுலினைச் சேமித்து வைக்க உதவுகிறது: ஆறு இன்சுலின் மூலக்கூறுகளை இரண்டு துத்தநாக அயனிகள் ஒன்றாகக் கட்டுகின்றன. ஆனால் குறைவு இல்லாதவர் கூடுதலாக விழுங்குவதை அது நியாயப்படுத்தாது. நாள் உச்சவரம்பு 40 மில்லிகிராம்.

இரும்பும் அளவுகோலும்

இரும்பு சர்க்கரையை இறக்குவதில்லை. சர்க்கரையை அளக்கும் கோலை வளைக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 53.4 சதவீதம்; அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55.0. இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல் என்ற இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், எச்பிஏ1சி சீட்டோடு ஹீமோகுளோபின் சீட்டையும் சேர்த்துப் படிப்பதே சரியான கணக்கு.

ஐந்தொகை

வரவுப் பக்கத்தில் உறுதியாக எழுதக்கூடியவை மூன்று. மெட்ஃபார்மினைச் சில ஆண்டுகளாக எடுப்பவர் பி12 சோதித்துக் குறைவிருந்தால் நிரப்புவது. வைட்டமின் டி வெகுவாகக் குறைந்தவர் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு மட்டும் எடுப்பது. இரத்தசோகையைக் கண்டு சரிசெய்வது. மூன்றுக்கும் பொதுவானது முதலில் சோதனை, பிறகே மாத்திரை. குறைவு இல்லாத நோயாளிக்கு வைட்டமின், தாது மாத்திரையால் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் பலன் இல்லை என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிலையும். செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை குரோமியம், செலினியம், எல்லாம் கலந்த பல்சத்து மாத்திரை. இவற்றில் எதையும் நம்பி, எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்துவது அந்தப் பக்கத்தின் மிகப் பெரிய தொகை.

மிஞ்சி நிற்பது தானியக் கணக்கு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியமும் பொட்டாசியமும் கூடுவதே ஆபத்து என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்டே தானியத்தை மாற்ற வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்கு எளிது. எல்லாம் கலந்த மாத்திரை நாளுக்கு 10 ரூபாய் எனக் கொண்டால் நால்வருக்கு மாதம் 1,200 ரூபாய். அதே நால்வர் மாதம் 20 கிலோ அரிசியில் 10 கிலோவைக் கம்பாக மாற்றினால், ஆதரவு விலையில் ரூ.277.50, கடைக்காரர் இரட்டிப்பு விலை வைத்தாலும் 555. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 ரூபாய் 31 காசு, அதிகம் போனால் 4 ரூபாய் 63 காசு.